பி.எஃப். பிடிப்பார்களா என்று கிளப்பிடமும் கேளுங்கள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால், தெருவில் யாரும் முதலில் சம்பளத்தைக் கேட்பதில்லை. கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா என்றுதான் கேட்பார்கள். பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. கார்டு உண்டா, ட்ரெய்னி என்று எத்தனை வருஷம் இழுப்பார்கள், அப்புறம் கன்ஃபர்ம் பண்ணுவார்களா என்று வரிசையாகக் கேள்வி வரும். 1970-களில் சிப்காட் வந்து, பின்னாலேயே அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்த பிறகு, இரண்டு தலைமுறை அடிபட்டுக் கற்றுக்கொண்ட கேள்விகள் இவை. ஒரே நிற யூனிஃபார்மில் ஒரே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இருவரில் ஒருவருக்கு வேலை நிரந்தரம், மற்றவருக்கு மாதக் கணக்கு என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டாடா எலெக்ட்ரானிக்ஸுக்கும் போச்சம்பள்ளி ஓலா ஆலைக்கும் ஆள் எடுக்கிற இந்த நாளிலும் கேள்விகள் மாறவில்லை.

அதே வீட்டுப் பையன், "பெங்களூர் கிளப்பில் கூப்பிட்டிருக்கிறார்கள், விங்கராக ஆடப் போகிறேன்" என்று வந்து நின்றால் மட்டும் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எழுவதில்லை. அப்பா பெருமைப்படுவார், அல்லது திட்டுவார். இரண்டினாலும் பையனுக்குப் பயன் கிடையாது. ஆடாதே என்று சொல்வது இங்கே நோக்கமில்லை. தொழில்முறைக் கால்பந்தும் ஒரு காண்ட்ராக்ட் வேலைதான், அதுவும் உடம்பையே முதலாகப் போடுகிற வேலை என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் நினைவுபடுத்தவே இது எழுதப்படுகிறது.

ஆசை ஒன்றும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம்; கால்பந்தைப் பொறுத்தவரை வேறு உலகம். அல்சூர் பக்கத்துக் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலுக்குச் சொந்தக்காரர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். 2013-ல் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி. தன் முதல் சீசனிலேயே ஐ-லீக்கை வென்றது, 2018-19-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையையும் எடுத்தது. நம் சிவகங்கை மாவட்டத்துப் பையன் சிவசக்தி நாராயணன் அந்த நீலச் சட்டையில்தான் 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார், 2022-23 ஐ.எஸ்.எல். சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அதே சீசனின் இறுதியாட்டத்தில், 2023 மார்ச் 18 அன்று கோவாவில், ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே காயப்பட்டு வெளியேறியதும் அவர்தான். விருதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டு விங்கர் ஒருவரின் கிளப் வாழ்க்கையை வரிசையாக எடுத்துப் பார்க்கலாம். மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. கடற்கரை மணலில் பந்து உருட்டிப் பழகிய ஊர்கள் அந்தப் பக்கம். இடது ஓரத்தில் ஆடுபவர். சென்னை சிட்டி எஃப்.சி.க்காக ஐ-லீக்கில் கவனிக்கப்பட்டு, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அவரை எடுத்துக்கொண்டது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆன அணியில் அவர் இருந்தார். அதற்குள் இந்திய அணியிலிருந்தும் அழைப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் ஒரு மீனவக் கிராமத்துப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2020 நவம்பர் 20. அடுத்த சீசனின் முதல் ஆட்டம், கோவாவின் பாம்போலிம் மைதானம், எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசன் முழுவதும் அவர் மறுபடி ஆடவில்லை. 2022-ல் ஒடிசா எஃப்.சி.க்குப் போனார். ஆடுகளத்துக்குத் திரும்பினார் என்பது அவருடைய உறுதிக்குச் சான்று. ஆனால் ஒரு விங்கரின் வேகம் உச்சத்தில் இருக்கவேண்டிய வயதில் ஒரு முழு சீசன் மருத்துவ அறையில் போனது.

இதில் அவர் செய்த தவறு என்று ஒன்றுமில்லை, அதுதான் பயமுறுத்துகிறது.

விங்கரின் வேலை என்ன என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோட்டோரம் பந்தை வாங்குகிறார். முழு வேகத்தில் பத்துப் பதினைந்து அடி ஓடுகிறார். எதிரே வரும் டிஃபெண்டரை ஏமாற்ற ஒரு காலை அழுத்தி ஊன்றி, உடம்பை மட்டும் உள்பக்கம் திருப்புகிறார். அந்த நொடியில் பூட்ஸின் ஸ்டட் புல்லிலோ மண்ணிலோ சிக்கி நிற்கிறது. பாதம் திரும்புவதில்லை, தொடை திரும்புகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். அதற்குள் குறுக்காக ஓடும் தசைநார் ஒன்று உண்டு, ஏ.சி.எல். என்று எல்லா கிரவுண்டிலும் பேர் தெரிந்த நார். யாரும் மோதாமலே அது அறுந்துபோகும். அறுந்தால் அறுவை சிகிச்சை, பிறகு ஒன்பது மாதமாவது விலகி இருக்கவேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ அறிவுரை.

ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஏ.சி.எல். அறுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் பயிற்சிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மூன்று ஆண்டு கழித்தும் மேல்மட்டத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் 65 சதவீதம் பேர் மட்டுமே. உலகத்திலேயே சிறந்த டாக்டரும் பிசியோவும் கூட இருக்கிற இடத்தில் இந்தக் கணக்கு. வாரக் கடைசியில் செம்மண் தரையில் ஆடிவிட்டு, வீங்கின முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திங்கட்கிழமை ஷிப்ட்டுக்குப் போகிற பையனின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

முழங்கால் தப்பினால் பின்தொடை இருக்கிறது. முழு வேக ஓட்டம் அதிகமுள்ள இடங்களில் விங்கர் முன்வரிசையில் இருப்பவர்; பின்தொடைத் தசை கிழிவது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நீண்டகால ஆய்வின்படி, 2001-02-ல் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த பின்தொடைக் காயம் 2021-22-ல் 24 சதவீதமாகிவிட்டது. ஆட்டத்தின் வேகம் கூடக் கூட உடம்பு கொடுக்கும் விலையும் கூடுகிறது.

உடம்பு அவரவர் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். கிளப் என்ற முதலாளி?

சூசைராஜின் முதலாளிகளையே திரும்பப் பாருங்கள். சென்னை சிட்டி, 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று அந்தக் கோப்பையைத் தூக்கினார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் பங்கு வாங்கும் அளவுக்குப் பேர் வந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தக் கிளப்பே இல்லை. ஏ.டி.கே.? 2020-ல் கோப்பை வென்ற கையோடு மோகன் பகானோடு இணைந்து, தனிக் கிளப்பாக இல்லாமல் போனது. இணைந்து வந்த ஏ.டி.கே. மோகன் பகான் என்ற பெயரும் 2023-ல் மாறியது. ஒடிசா எஃப்.சி. என்பதே 2019 வரை டெல்லி டைனமோஸாக இருந்து புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்த கிளப். ஒரு ஆட்டக்காரரின் பயோடேட்டாவில் இருக்கிற கம்பெனிகளில் பாதி மூடியது, இணைந்தது, ஊர் மாறியது என்றால், ஓசூரில் அந்த பயோடேட்டாவைப் பார்த்து ஹெச்.ஆர். என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் இன்னொரு விங்கர். 2017-ல் டெல்லி டைனமோஸில் சேர்ந்தார். கிளப் ஒடிசாவுக்குப் போனபோது அவரும் அங்கே ஆடினார். 2023-ல் அந்த அணியோடு சூப்பர் கோப்பை. அதே ஆண்டு ஈஸ்ட் பெங்கால். ஆகஸ்ட் 12 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், ஈஸ்ட் பெங்காலின் நான்கரை ஆண்டு டெர்பித் தோல்வி வரலாற்றை முடித்தது. அடுத்த ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியிலும் கோல். தமிழ்நாட்டு விங்கருக்கு நல்லது நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நந்தகுமாரைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் நம் டிரையல்ஸ் போஸ்டர்களில் அவர் படம் மட்டும் இருக்கிறது. ஹைதராபாத் எஃப்.சி.யின் படம் இருப்பதில்லை.

ஹைதராபாத் கதை இப்படி. 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். சாம்பியன். இரண்டே ஆண்டில் சம்பளப் பாக்கி, ஃபிஃபாவின் பதிவுத் தடை, சீசன் நடுவில் வரிசையாக வெளியேறிய ஆட்டக்காரர்கள். 2023-24-ல் 22 ஆட்டங்களில் 8 புள்ளி, கடைசி இடம். 2025-ல் கிளப் டெல்லிக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது. பழைய கம்பெனிகளும் இப்படித்தான்: மகிந்திரா யுனைடெட் 2010-ல் மூடியது, பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-ல் கலைந்தது. சாம்பியன் என்ற பட்டம் சம்பளத்துக்கு ஜாமீன் ஆவதில்லை.

2025-ல் நடந்தது இதையெல்லாம் விடப் பெரியது. ஐ.எஸ்.எல்.லை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010-ல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பு இழுபறியானதால் ஜூலை 11 அன்று சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்.சி., தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. நம் கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள, நாட்டின் மிக ஒழுங்கான கிளப் என்று பேர் வாங்கிய இடம் அது. சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தியது. லீக்கை நடத்தும் உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. 2026 ஜனவரித் தொடக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரர்களே ஃபிஃபாவிடம் காப்பாற்றச் சொல்லி வீடியோ போட்டார்கள். சில நாட்களில், ஜனவரி 6 அன்று, பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். 14 கிளப், ஒருவரோடு ஒருவர் ஒரே தடவை, மொத்தம் 91 ஆட்டம். அதாவது ஒரு கிளப்புக்கு 13. முந்தைய சீசனில் லீக் சுற்றில் மட்டும் 24.

சிப்காட்டில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது காண்ட்ராக்ட் ஆள். இங்கே லீக்கே நின்றபோது கேப்டனும் நின்றார்.

ஒரு எளிய கூட்டல். 14 கிளப், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம்: 28 இடம். ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் வரை களத்தில் இருக்கலாம். அவர்களைக் கிளப்புகள் பெரும்பாலும் முன்வரிசைக்குத்தான் வாங்குகின்றன. ஆக, 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் மேல்மட்ட விங்கராகத் தொடர்ந்து களமிறங்கும் இந்தியர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ரிசர்வ் ஆட்களைச் சேர்த்தால் இரண்டாவது பஸ் வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஓசூரில் ஒரு ஷிப்ட்டுக்கு இறங்கும் கம்பெனி பஸ்கள் அதைவிட அதிகம்.

இனி, வாசலுக்கு வரும் காகிதத்தைப் பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் வரும் டிரையல்ஸ் போஸ்டரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேலே பெரிய கிளப் ஒன்றின் சின்னம். நடுவில் பந்தை உதைக்கும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர். "இடங்கள் குறைவு." கீழே கட்டணம், ஒரு தனிநபரின் ஜிபே நம்பர். நடத்துவது யார், அவர்களுடைய பதிவு எண் என்ன, வருகிற கோச்சிடம் எந்த லைசென்ஸ் இருக்கிறது என்பது எங்கும் இருக்காது. பதிவுக் கட்டணம் வாங்குவதே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு கிளப்பின் பேரில் டிரையல்ஸ் நடந்தால், அந்த அறிவிப்பு கிளப்பின் சொந்தப் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் கிளப் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. அங்கீகாரம் பெற்ற அகாடமிகளின் பட்டியலைக் கூட்டமைப்பும் வெளியிடுகிறது.

அடுத்து ஏஜென்ட். 2023 முதல் ஃபிஃபாவின் தேர்வெழுதி லைசென்ஸ் பெற்றவர்தான் ஆட்டக்காரருக்காகக் கிளப்போடு பேச முடியும். லைசென்ஸ் உள்ளவர்களின் பெயர்கள் ஃபிஃபாவின் இணையப் பட்டியலில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. விதிப்படி ஒரு ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் கூடாது. பதினெட்டு நிறையாத பையன் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஏஜென்ட் அவனை அணுகவே கூடாது. டீக்கடையில் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட இப்ப சொல்லாத தம்பி, எல்லாம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்கிறவர் எந்த வகை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வெளிநாடு என்றால் இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடுக்கிறது. விலக்குகள் மிகச் சில. விதி இப்படி இருக்க, "பதினாறு வயசு, போர்ச்சுகல் அகாடமி" என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூனில் போர்ச்சுகலின் வடபகுதியில் ஒரு அகாடமியில் போலீஸ் நுழைந்தபோது, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 47 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் 36 பேர் பதினெட்டு நிறையாதவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதாகவும் வழக்கில் சொல்லப்பட்டது. அங்கே சேர்ந்த எந்தப் பிள்ளையின் வீட்டிலும் இது தெரிந்து அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கிளப்பின் ஒப்பந்தத்துக்கு வருவோம். கேட்கவேண்டிய கேள்விகள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான்; பேர் மட்டும் வேறு. எத்தனை மாதத்துக்கு? பதினெட்டு நிறையாதவரோடு போடும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் நீண்டால், அதிகமுள்ள காலத்தை ஃபிஃபா ஏற்பதில்லை. மற்றவர்களுக்கு உச்சவரம்பு ஐந்து ஆண்டு. சம்பளம் எந்தத் தேதியில்? இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து பதினைந்து நாள் காத்திருந்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி ஆட்டக்காரருக்கு இடம் கொடுக்கிறது. நோட்டீஸ் எழுத்தில் இருக்கவேண்டும். கோச்சிடம் போனில் புலம்பியது கணக்கில் வராது. மெடிக்கல்? அதைக் கிளப் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளவேண்டும். மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி எழுதி வைப்பது விதிக்கு முரண்.

காயம்தான் முக்கியம். ஒரு விங்கரின் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் படிக்கச் சொல்வது சம்பள வரியை அல்ல, காயம் பற்றிய வரியைத்தான். ஆட்டத்திலோ பயிற்சியிலோ காயம்பட்டால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது? இன்ஷூரன்ஸ் யார் பேரில், எவ்வளவுக்கு? பிசியோதெரபி எத்தனை மாதம்? குணமாகும் காலத்தில் சம்பளம் உண்டா? "நீண்டகாலம் ஆட இயலாத நிலையில் கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்" என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா? தொழிற்சாலையில் கைவிரல் போனால் இழப்பீடு என்ன என்று கேட்கத் தெரிந்த ஊரில், முழங்கால் போனால் என்ன என்று கேட்கக் கூச்சப்படவேண்டியதில்லை. சின்ன லீக்குகளில் பல இடங்களில் ஒப்பந்தமே இருக்காது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள். அப்படியென்றால் காயச்செலவு முழுக்க வீட்டுக்கணக்கு என்று தெரிந்தே அனுப்புங்கள், அல்லது தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

எல்லையில் இருப்பதால் நமக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பையன் படிப்பது ஓசூர் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை ஆடுவது பெங்களூரு மாவட்ட லீக்கில். பதிவு கூட்டமைப்பின் மத்தியப் பதிவு முறையில் ஏறும். ஒரு நேரத்தில் ஒரு கிளப்தான். ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிந்துகொள்ளலாம், அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடிவது இரண்டுக்கு மட்டும். "சும்மா ஒரு ஃபார்ம், கையெழுத்துப் போடு" என்று அகாடமியில் நீட்டும் காகிதம் பல நேரம் இந்தப் பதிவுதான். பிறகு வேறு இடத்துக்குப் போக நினைத்தால், விடுவிப்புக்குப் பணம் கேட்பார்கள். பன்னிரண்டு முதல் இருபத்தொரு வயது வரை பயிற்சி கொடுத்ததற்கான இழப்பீடு என்று ஃபிஃபா விதியில் ஒன்று இருப்பது உண்மை. அது புதிய கிளப் பழைய கிளப்புக்குக் கொடுப்பது. பையனின் அப்பா கொடுப்பதல்ல.

சான்றிதழிலும் இதே எல்லைத் தகராறு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு, ரயில்வேயும் எடுக்கிறது. இவற்றுக்கெல்லாம் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட சங்கமும் போட்டியும்தான்: மாநில அணிக்காக, பல்கலைக்கழகத்துக்காக, பள்ளி தேசியப் போட்டியில் ஆடியதற்கான முறையான சான்று. "ஆல் இந்தியா நேஷனல் சாம்பியன்ஷிப்" என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் தனியார் அமைப்புகளின் சான்றிதழ் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். விண்ணப்பத்தோடு இணைத்தால் திரும்பி வரும். கர்நாடகத்துக்காக ஆடினால் அது கர்நாடகத்தின் கணக்கு. எந்த மாநிலத்தில் வேலை தேடப் போகிறான் என்பதைப் பதினைந்து வயதிலேயே யோசித்துப் பதிவு செய்வது நல்லது. பலருக்கு இது இருபத்தொன்றில்தான் உறைக்கிறது.

வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கத்தை இங்கே யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை என்பதால் ஒரு வார்த்தை. இளையோர் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள்; பதினேழு வயதுக்குட்பட்ட சர்வதேசப் போட்டிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஆதார் அட்டையை மாற்றிவிடலாம், எலும்பை மாற்ற முடியாது. பிடிபட்டால் தடை பையனுக்கு. யோசனை சொன்ன கோச் அடுத்த பையனைத் தேடிப் போய்விடுவார்.

முன்பு ஒரு நடுவழி இருந்தது. பெங்களூரில் ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல்.; சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி. இந்த அணிகளில் ஆடினவர்களுக்கு முழங்கால் போனாலும் மேஜை இருந்தது, மாதச் சம்பளம் வந்தது, ஓய்வூதியம் கிடைத்தது. பெரிய நட்சத்திரங்கள் ஆகவில்லை, தெருவிலும் நிற்கவில்லை. ஹெச்.ஏ.எல். ஐ-லீக் வரை ஏறி 2012-ல் கீழே இறங்கியது. கிளப் கால்பந்தின் பணம் வந்த பிறகு அந்த வழி குறுகிவிட்டது. முற்றிலும் அடைபடவில்லை, ரயில்வேயிலும் ராணுவத்திலும் இன்னும் ஆள் எடுக்கிறார்கள். ஓசூரிலேயே ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் ஆலைகளில் ஏன் ஒரு கால்பந்து அணி வேலையோடு சேர்த்து வரக் கூடாது என்று அந்த நிர்வாகங்களிடம் கேட்பவர் யாரும் இல்லை. கேட்கலாம்.

அதுவரை, பையனை ஐடிஐயிலிருந்தோ பாலிடெக்னிக்கிலிருந்தோ நிறுத்தாதீர்கள். காலைப் பயிற்சி, மாலை வகுப்பு இரண்டும் முடியும். முடியாது என்று சொல்லும் அகாடமியைத்தான் மாற்றவேண்டும். பதினெட்டு நிறையாதவர் தானாகப் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும். ஆகவே காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு வக்கீலிடமோ யூனியன்காரரிடமோ காட்டிவிட்டுப் போடுங்கள். கையெழுத்தான பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிரதி தர மாட்டேன் என்கிற கிளப்பில், அது எவ்வளவு பெரிய சின்னத்தைச் சட்டையில் போட்டிருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.